நூற்றிப் பதினெட்டு வாசல்

ஊரில் இருக்கிற நூற்றிப் பதினெட்டு வீட்டு வாசலிலும் நர்மதா விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் போட்ட அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் என் நாத்தனார். என் புருஷன் வெற்றியின் ஒரே தங்கை. நாற்பத்து நாலு வயதாகிறது, கல்யாணம் இல்லை, பத்தொன்பது வருஷமாக என் தலையில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஒருத்தர் காலில் விழுந்து நான் பார்த்ததில்லை. பார்க்கலாமே என்றிருந்தது.

ராயபுரத்தில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். கேட்டால் அது பிழைப்பு, வேலை இல்லை என்பாள். அவள் வேலை என்று சொல்வது வேறு. எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்த வருஷம், வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை மார்பளவு தண்ணீரில் நின்றாள். கரேலென்று வெளியே வந்தாள். அதே புடவையோடு கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் ஏறி, லேடீஸ் பெட்டியில் நின்றபடியே சென்ட்ரல் வரை போய்த் திரும்பினாள். பேப்பரில் ஒரு வரி வரவில்லை. ரயில்வே போலீஸிடமிருந்து என் புருஷனுக்கு ஒரு போன் வந்தது, அவ்வளவுதான். இதற்குப் பெயர் கலையாம்.

ஒரே ஒரு முறை போலந்து தேசத்திலிருந்து கூப்பிட்டார்கள். பதினோரு நாள். அங்கே கதான்ஸ்க் என்று ஒரு துறைமுகமாம், அதில் ஹலினா என்று ஒரு பொம்பளை. அவளுக்கும் இதே கூத்துதான். கப்பல் கட்டுகிற கம்பெனி வாசலில் போய்ப் படுப்பாள், எழுந்து வந்து புத்தகம் போடுவாள். அவளையும் அவள் ஊரில் ஒருத்தரும் சட்டை செய்யவில்லையாம். இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. இன்றைக்கும் வாட்ஸப்பில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். யாருடைய இங்கிலீஷ் யாருக்குப் புரிகிறதோ.

எங்கள் குப்பம் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்க் கூட்டம் கோயில் கொட்டகையில் நடக்கும். வீட்டுக்கு ஒரு ஆம்பளை உட்காருவான். பொம்பளைகள் வெளியே நின்று கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது. போன தை மாசம் கூட்டம் கூடியபோது நர்மதா, செத்துப்போன அவள் அப்பா நீலமேகத்தின் லுங்கியைக் கட்டி, துண்டைத் தோளில் போட்டு, அவர் எப்போதும் சாய்ந்திருக்கிற தூணோரம் போய் உட்கார்ந்தாள். “நீலமேகம் வந்துகீறேன்” என்றாள். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கை தூக்கினாள். பொம்பளையைத் தொட்டுத் தூக்க ஒருத்தனுக்கும் துணிச்சல் வரவில்லை. திட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். கூட்டம் முடிகிற வரை இருந்துவிட்டுத்தான் எழுந்தாள்.

ஊர் அதைப் பைத்தியம் என்று தள்ளிவிட்டது. பிறகு அவள் அதைப் புத்தகமாகப் போட்டாள். கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள், பேசினவன் வீட்டில் என்ன நடக்கிறது, எல்லாம் பேரோடு. அவள் அச்சகத்திலேயே முந்நூறு பிரதி. ஒருத்தரும் வாங்கவில்லை. ராயபுரத்தில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. ஒன்றே ஒன்று எங்கள் வீட்டில், அரிசி டிரம் மேல் கிடந்தது.

அதைத் தலைவர் செல்வம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான்.

குடும்ப மானத்துக்காகக் கொடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் எட்டாவது வரை படித்தவள். அந்தப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். கொட்டகை வாசலில் படுத்திருக்கிற நாய்க்குக்கூட அதில் நாலு வரி இருந்தது. படுத்த படுக்கையாய்க் கிடந்த அவள் அம்மாவுக்கு மூன்று வருஷம் பீ மூத்திரம் அள்ளியவளுக்கு ஒரு வரி இல்லை. ஒரே ஒரு இடத்தில் ‘அண்ணன் வீட்டில் சோறு கிடைத்தது’ என்று எழுதியிருந்தாள். கிடைத்ததாம். கடற்கரையில் கிளிஞ்சல் கிடைப்பதுபோல. எனக்கு வயிறு எரிந்தது. செல்வம் கூப்பிட்டு அவளை நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்பார், அது போதும் என்று நினைத்தேன்.

அவர் மொத்த வீட்டையும் ஊர்விலக்கு செய்தார்.

அது ஐப்பசி. மழைத்தண்ணீர் இறங்கி இறால் வருகிற சமயம். எங்கள் ஃபைபர் படகைக் கரையிலிருந்து தள்ள ஆறு பேர் வேண்டும். ஒருத்தனும் வரவில்லை. ஐஸ் கிடையாது. ஏலத்தில் எங்கள் கூடைக்கு இடம் கிடையாது. தெருக் குழாயில் நான் குடத்தை வைத்தால் மற்ற பொம்பளைகள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். வெற்றி காலையில் எழுந்து படகுக்குப் பக்கத்தில் போய் உட்காருவான். மற்ற படகுகள் போவதைப் பார்ப்பான். நல்ல வலையை எடுத்துப் பிரித்துத் திரும்பவும் முடிவான். அவன் ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை, ஏனென்றால் அவனுக்கு விஷயம் தெரியாது. டிரம் மேலிருந்த புத்தகம் எங்கே என்று நர்மதாவும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு பயமாக இருந்தது.

வழக்கமாக இதற்கெல்லாம் கோயிலில் ஒரு தடவை விழுந்து எழுந்தால் போதும். செல்வத்துக்கு இருந்த கோபத்தில், அவர் தாத்தா காலத்து முறையைத் தோண்டி எடுத்தார். குற்றம் செய்தவர் வீடு வீடாகப் போய் விழுந்து, இன்னதற்கு மன்னிப்பு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வீட்டுப் பொம்பளை ஒரு பிடி அரிசி போட்டால் மன்னித்ததாகக் கணக்கு. எல்லா வீட்டு அரிசியும் சேர்ந்த பிறகு கோயிலில் பொங்கி ஊர் சாப்பிடும், விலக்கு தீரும். ஒரு வீட்டு அரிசி குறைந்தாலும் தீராது. எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நர்மதா ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

முதல் வாசல் செல்வத்தின் வாசல். தான்தான் முதல் என்று அவரே சொல்லிவிட்டார். சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். பாதி ஊர் கூடியிருந்தது. நர்மதா தோளில் ஒரு துணிப்பையும் கையில் நோட்டுமாக வந்தாள். சாஷ்டாங்கமாக விழுந்தாள், நெற்றி சிமெண்டில் இடிக்கிற சத்தம் கேட்டது.

“தலைவரே, மன்னிக்கணும். உங்கள பத்தி பொஸ்தகத்துல முழுசா எழுதல. எண்ணெய் வந்த வருஷம் ஊரே கையால எண்ணெய வாரிக்கினு இருந்தப்ப, நீங்க கம்பெனிக்காரன் கார்ல ஏசி போட்டுகினு குந்தினு இருந்தீங்க. ரோட்டு முனைல பாத்தேன். பாத்தும் எழுதாம வுட்டுட்டேன். அத்துக்குத்தான் மன்னிப்பு.”

செல்வம் சேரிலிருந்து எழுந்தார். உட்கார்ந்தார். அவர் பெண்சாதி உள்ளேயிருந்து அரிசியைக் கொண்டுவந்து ஒரு பிடிக்குப் பதில் அரைப்பிடி போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

“எழுதினத்துக்கு மன்னிப்பு கேளும்மே” என்று கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்.

“தீர்மானத்துல அப்படி இல்ல” என்றாள் நர்மதா. நகலை எடுத்துப் படித்தாள். “‘புத்தகம் எழுதியதில் செய்த குற்றத்துக்கு.’ நான் செஞ்ச குத்தம் முழுசா எழுதாததுதான்.”

அன்றைக்குப் பன்னிரண்டு வாசல். நாலாவது வாசலில் தீனா வீடு. அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜோராக நின்றான். நர்மதா விழுந்து, “தீனா, உன் பொண்டாட்டி மூஞ்சி வீங்கிகினு மூணு நாளு எங்க வூட்ல வந்து படுத்துகினா. மீன் கூடை இடிச்சிச்சின்னு சொன்னா. நானும் நம்பினாப்ல கூடைன்னே எழுதிட்டேன். மன்னிக்கணும்” என்றாள். தீனா அவளை உதைக்கப் போனான். பின்னாலிருந்து அவன் பெண்சாதி வந்தாள். பையைத் தானே விரித்து இரண்டு பிடி போட்டாள். போட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அங்கேயே நின்றாள்.

மறுநாள் பத்து வீடு கதவைச் சாத்திக்கொண்டது. சில பேர் அவள் தெருமுனையில் வரும்போதே அரிசியோடு ஓடிவந்தார்கள், வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு போ என்று. “கேக்காம குடுத்தா செல்லாது” என்று நர்மதா மறுத்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

“வாங்கிகினு வாம்மே. படகு கரைல காய்ஞ்சிகினு கீது. உன் கூத்துக்கு நாங்கதான் கெடச்சமா?”

“செல்லாது அண்ணி. நாளைக்கு ஒருத்தன் அரிசி குறையுதுன்னு சொல்லுவான்” என்றாள். அவள் சொன்னது சரிதான். அதனால் இன்னும் ஆத்திரம் வந்தது.

நாலாம் நாள் செல்வம் நிறுத்தப் பார்த்தார். “போதும். கோயில்ல ஒருக்கா வுழுந்துட்டுப் போ, ஊர் மன்னிச்சிடும்” என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் தீனா முன்னால் வந்தான். “அதெப்படி தலைவரே? என் வூட்ட நாறடிச்சாச்சி, இவன் வூடு அவன் வூடெல்லாம் யோக்கியமா? நூத்திப் பதினெட்டும் நடக்கட்டும்.” அவனுக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். எல்லாம் ஏற்கெனவே மானம் போன வீட்டுக்காரர்கள். சாத்தியிருந்த பத்துக் கதவையும் அவர்களே போய்த் தட்டித் திறக்க வைத்தார்கள். ஊர் ஒற்றுமையாக ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எவனோ அதை போனில் எடுத்துப் போட்டுவிட, ஆறாம் நாள் சிட்டியிலிருந்து ஒரு வேன் வந்தது. ஃபரா என்று ஒரு பெண். கேலரி நடத்துகிறாளாம், கூட இரண்டு கேமரா. மீன் கழுவின தண்ணீரில் கால் படாமல் தாண்டித் தாண்டி வந்து, நர்மதாவின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த மாதிரி ஒன்றை இந்தியாவில் யாரும் செய்ததில்லை என்றாள். எங்கள் வீடு ஆறு வாரமாகக் கஞ்சி குடிக்கிறது, அவளுக்கு அது கண்காட்சி.

“உன் கேலரிக்கு நாலு லெட்டர் போட்டேன்” என்றாள் நர்மதா. “எண்ணெய்ல நின்னப்ப ஒண்ணு. போலந்து போயிட்டு வந்தப்ப ரெண்டு. பொஸ்தகம் வந்தப்ப ஒண்ணு, பொஸ்தகத்தோட.”

ஃபரா தனக்கு வந்து சேரவில்லை என்றாள். பிறகு, வெளிச்சம் சரியில்லை, அந்த நீலக் கதவு வீட்டு வாசலில் மட்டும் இன்னொரு தரம் விழ முடியுமா என்று கேட்டாள்.

“நீ வுழு” என்றாள் நர்மதா. “நான் எடுக்கறேன்.”

ஊர் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், என் மேல் எனக்கே கோபம் வந்தது. வேன் மத்தியானத்துக்குள் போய்விட்டது.

ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வரும்போது அவள் முட்டி இரண்டும் வீங்கியிருக்கும், நெற்றியில் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருக்கும். நான் தேங்காய் எண்ணெய் புட்டியை அவள் பக்கம் உருட்டிவிடுவேன். கையில் கொடுக்க மாட்டேன். “சும்மா லேசா வுழுந்து எழுந்துக்கக் கூடாதா? எவன் பாக்கறான் நெத்தி பட்டுச்சா இல்லியான்னு” என்று கேட்டேன். “நான் பாக்கறேன்ல” என்றாள். இந்தத் திமிருக்குத்தான் எனக்கு அவளைக் கண்டால் ஆகாது.

ஒவ்வொரு வாசலிலும் அவள் நோட்டில் ஒரு பக்கம் திரும்பியது. யார் எதை எப்போது செய்தார்கள் என்று அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நாலு வாசல் தள்ளி நடந்ததைக்கூடக் குறித்து வைத்திருந்தவளுக்கு, தன் புத்தகம் தன் வீட்டிலிருந்து யார் கையால் வெளியே போனது என்று தெரியாமல் இருக்குமா? தீர்மானத்தில் எங்கள் வீடும் சேர்த்துத்தான் நூற்றிப் பதினெட்டு. விலக்கின வீடானாலும் வீடு வீடுதான் என்று செல்வம் சொல்லிவிட்டார். எங்கள் வாசல் கடைசி. வெற்றி ஆறு வாரமாகக் கரையில் உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் அவன் பெண்சாதிதான் என்று ஊர் முன்னால் அவன் காதில் விழும். அவன் என்னை அடிக்க மாட்டான். அடித்தால் தேவலை. பேசமாட்டான், வலையைத் திரும்பவும் பிரித்து முடிவதுபோல என்னைப் பார்க்காமல் வேறு எதையாவது செய்துகொண்டே இருப்பான், சாகும் வரை. எட்டாம் நாள் நான் சாப்பிடவில்லை.

பத்தாம் நாள் காலை நூற்றிப் பதினேழு வீட்டு அரிசி சேர்ந்திருந்தது. துணிப்பை போதாமல் கோணிப்பையாகியிருந்தது. கோயிலில் அண்டாவில் தண்ணீர் கொதித்தது. படகைத் தள்ள ஆறு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள், டீசல் கேனும் ஐஸும்கூட வந்துவிட்டது. ஊர் மொத்தமும் எங்கள் வாசலில். எல்லார் மானமும் போயாயிற்று, மிச்சம் இருப்பது எங்களுடையது மட்டும். முன் வரிசைக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

நான் அரிசியை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வெற்றி பக்கத்தில் நின்றான். பிடியை இறுக்கியதில் நாலு அரிசி கீழே கொட்டியது.

நர்மதா விழுந்தாள். நெற்றிக் காயம் திரும்பவும் கிழிந்தது. தலையைத் தூக்காமலே பேசினாள்.

“அண்ணி, மன்னிக்கணும். ஊர்ல எல்லாரையும் எழுதினேன். உன்ன எழுதாம வுட்டேன்.”

எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள்.

“இன்னா வுட்ட? அத்த சொல்லு” என்றான் தீனா.

“இன்னாவும் இல்ல. முழுசா வுட்டேன்.” அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். பக்கம் வெறுமையாக இருந்தது. “எழுதணும்னு தோணல. தோணாததுக்குத்தான் மன்னிப்பு.”

அவ்வளவுதானா என்று யாரோ கேட்டார்கள். மங்கம்மாவைப் பற்றி எழுத என்ன இருக்கப் போகிறது என்று ஒருத்தி என் பேரைச் சொல்லிக் கேட்டது தெளிவாக என் காதில் விழுந்தது. பின்னால் நின்றவர்கள் கோயில் பக்கம் நகரத் தொடங்கினார்கள். வெற்றி பெரிதாக மூச்சு விட்டான்.

நர்மதாவுக்குத் தெரியவே தெரியாது. இத்தனை நாள் நான் பயந்ததெல்லாம் வீண். புத்தகம் எப்படிப் போனது என்று அவள் யோசித்தபோதுகூட என் ஞாபகம் அவளுக்கு வந்திருக்காது. நான் தப்பித்துவிட்டேன். அரிசியைப் போட்டால் பொங்கல், படகு, இறால், தெருக் குழாய், எல்லாம் பழையபடி. மறுநாள் காலை அவள் என் அடுப்படிக்கு வந்து தட்டை நீட்டுவாள், நான் போடுவேன், அவளுக்குச் சோறு கிடைக்கும்.

“போடும்மே” என்றான் வெற்றி. “தண்ணி ஏறுது. படகத் தள்ளணும்.”

என் கை திறக்கவில்லை.

“அண்ணி” என்றாள் நர்மதா.

“பேனா எடு” என்றேன்.

“இன்னா?”

“அந்தப் பக்கம் காலியாத்தான கீது. எழுது. பொஸ்தகத்த செல்வம் வூட்ல கொண்டுபோயி குடுத்தது மங்கம்மா. அரிசி டிரம்மு மேலேர்ந்து எடுத்து, முந்தானைல சுத்தி, நானே நடந்து போயி குடுத்தேன்.”

நகர்ந்து போனவர்கள் நின்றார்கள். செல்வம் தரையைப் பார்த்தார். வெற்றி என் பக்கம் திரும்பினான். நான் அவனைப் பார்க்கவில்லை, பார்க்கப் பிறகு எத்தனையோ நாள் இருக்கிறது. நான் நர்மதாவைத்தான் பார்த்தேன். அவள் மெதுவாக எழுந்து மண்டி போட்டு உட்கார்ந்தாள். நெற்றி ரத்தம் புருவத்தில் இறங்கியதைத் துடைக்காமல் என்னை ஏறிட்டுப் பார்த்தாள். செல்வத்தையும் தீனாவையும் அவள் அப்படிப் பார்த்து நான் கண்டிருக்கிறேன். என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“ஏன் குடுத்த?” என்றாள்.

“அத்தையும் சொல்றேன். மொதல்ல பேர எழுது.”

அவள் பேனாவை எடுத்தாள். நான் குனிந்து எட்டிப் பார்த்தேன். மங்கம்மா என்று முழுசாக எழுதியிருந்தாள். அதற்குப் பிறகுதான் அரிசியைப் போட்டேன்.